1961ஆம் வருடத்துக் கல்யாணப் பாட்டு: 78 தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

மன்னைமகன் | அக்டோபர் 4

வணக்கம். ஆறு மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு உதவி தேவைப்படுகிறது.

வரும் தை மாதம் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். கோயிலில் சடங்கு முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அப்பா அம்மா கல்யாணம் நடந்தது 1966 வைகாசியில், மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். "உங்கம்மா மணவறைக்கு வரும்போது ரேடியோ செட்டுல 'வாராயென் தோழி வாராயோ' போட்டான் பாரு" என்று அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பாசமலர் படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. அதே பாட்டை அதே மாதிரி ரெக்கார்டில் போட்டு, மண்டபத்துக்குள் இருவரையும் அழைத்துவர வேண்டும் என்று ஒரு ஆசை. யூடியூபில் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

இது எல்பியா, இபியா, வேறு எதுவுமா, எங்கே தேடுவது, எவ்வளவு கேட்பார்கள், ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு இது ரகசியம். அப்பாவுக்குப் பாதி தெரியும்.

ஊசிமுனை | அக்டோபர் 4

முதலில் அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். பாசமலர் 1961இல் வந்த படம். அந்தச் சமயத்தில் சினிமாப் பாட்டு இரண்டு வடிவங்களில் விற்றது. ஒன்று பழைய 78, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குல அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று மூன்றரை நிமிடம். இன்னொன்று அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த 45, ஏழு அங்குல பிளாஸ்டிக் தட்டு, நீங்கள் சொல்கிற இபி இந்த வகைதான். பின்னாளில் வந்த தொகுப்பு எல்பிகளிலும், அதாவது பல பாட்டு அடங்கிய பெரிய தட்டுகளிலும், பழைய பாட்டுகள் இருக்கும், ஆனால் 1966இல் உங்கள் ஊர்க் கல்யாணத்தில் சுற்றியது நிச்சயம் எல்பி இல்லை.

அப்பாவிடம் பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், தட்டைப் பற்றிக் கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவா, அதைவிடச் சின்னதா? கீழே விழுந்தால் உடையுமா? செட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முள்ளை மாற்றினாரா? பதில் வந்தபிறகு பேசலாம்.

கீறல் | அக்டோபர் 4

அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்யாணத்தில் என்ன பாட்டு போட்டார்கள் என்பது மாப்பிள்ளைக்கு எங்கே நினைவிருக்கும்.

மன்னைமகன் | அக்டோபர் 5

கீறல், அம்மாவிடம் கேட்டால் ரகசியம் போய்விடும். அப்பாவிடம் கேட்டேன். "கறுப்பா கனமா இருக்கும், பெரிசு, விழுந்தா சில்லு சில்லாப் போயிடும். அந்தப் பையன் ஒரு தகர டப்பாவிலிருந்து முள் எடுத்து எடுத்து மாத்துவான்" என்றார்.

ஊசிமுனை | அக்டோபர் 5

78தான். சந்தேகமே இல்லை.

மூர்மார்க்கெட் | அக்டோபர் 6

தம்பி, இந்தத் தட்டு ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் கிடந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தபோது பழைய புத்தகம் ஒரு பக்கம், கிராமபோன் தட்டு ஒரு பக்கம் என்று தரையில் அடுக்கி வைத்திருப்பார்கள். நான் மாணவனாக இருந்தபோது நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் வாங்கியிருக்கிறேன். 1985 மே மாதக் கடைசியில் மார்க்கெட் எரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். தட்டெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கருங்கல் பாளம் போல் கிடந்தது. கறுப்பாக ஒரு நாற்றம். அரக்கு எரிந்தால் வரும் நாற்றம் அது, இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருப்பதற்காக. நீங்கள் கேட்கும் தட்டு கிடைக்காத தட்டு இல்லை. மாதம் ஒருமுறை எங்காவது தலைகாட்டும். ஆனால் போட்டால் பாடாது. தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த ஊரிலெல்லாம் அது சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நாலு தடவை, ஐந்து தடவை. ஓடாத படத்தின் தட்டை வாங்குங்கள், கடையிலிருந்து நேற்று எடுத்தது போல் பளபளவென்று இருக்கும். அதை யார் போட்டார்கள்? எல்லாரும் ஆசைப்பட்டதுதான் தேய்ந்துபோய் நிற்கிறது. நான் நாற்பது வருடமாகச் சேர்க்கிறேன். என்னிடம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டு நல்ல நிலையில் வர இருபது வருடம் ஆயிற்று. அதுவும் ஊர் ஊராக விற்ற தட்டுதான்.

தட்டுவண்டி | அக்டோபர் 6

கோவையில் கல்யாணங்களுக்குப் பழைய பாட்டு கவுண்டர் போடுகிறோம். டர்ன்டேபிள், வால்வு ரேடியோ, சோடா பாட்டில், கமர்கட், இந்த மாதிரி. தொழில்முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விருந்தாளிகளுக்குத் தட்டு சுற்றுவது தெரிந்தால் போதும். சத்தம் போனிலிருந்து வரட்டும். நாங்கள் பாதி இடங்களில் அப்படித்தான் செய்கிறோம். அறுபது வருடத் தட்டை நம்பி ஒரு முகூர்த்தத்தைப் பணயம் வைக்கக்கூடாது.

ஊசிமுனை | அக்டோபர் 6

பொம்மைச் சாமிக்குப் பூஜை. கேட்டவருக்கு அது வேண்டாம் என்பது முதல் பதிவிலேயே தெரிகிறது.

தட்டுவண்டி | அக்டோபர் 6

சார், தட்டு நடுவில் சிக்கிக்கொண்டு "தோழி தோழி தோழி" என்று பாடும்போது மேடையில் நிற்பது நான், நீங்கள் இல்லை.

செட்டுக்கடைப்பேரன் | அக்டோபர் 7

இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா ரேடியோ செட் வைத்திருந்தவர், அப்புறம் அப்பா. நான்தான் இந்தத் தொழிலுக்கு வராமல் தப்பித்தவன்.

அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் கரண்ட் கிடையாது. தாத்தாவின் செட் கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபயர். தட்டு சுற்றும் பெட்டி மட்டும் சாவி கொடுப்பது. குழாயைத் தென்னை மரத்திலோ வேப்ப மரத்திலோ ஏற்றிக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வரவேண்டும். ராத்திரி பெண் அழைப்பில் ஆடிவிட்டு விடியற்காலை முகூர்த்தத்தில் பேட்டரி இறங்கிப்போய் அடி வாங்காத செட்டுக்காரர் இல்லை.

முள் விஷயம் இன்னும் மோசம். எஃகு முள்ளை ஒரு பக்கம் ஓடியதும் தூக்கிப்போட வேண்டும், டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். யார் போடுவார்கள்? ஒரு முள்ளில் பத்துப் பாட்டு ஓட்டுவார் எங்கள் தாத்தா. அப்பா வந்து திட்டிய பிறகுதான் மூன்றாகக் குறைந்தது. தேய்ந்த முள் உளி மாதிரி, ஓடுகிற பள்ளத்தையே செதுக்கிவிடும். மூர்மார்க்கெட் ஐயா சொல்கிற தேய்மானத்தில் எங்கள் குடும்பத்துப் பங்கும் உண்டு.

அதனால் நல்ல செட்டுக்காரர்கள் கல்யாணப் பாட்டுத் தட்டை ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைப்பார்கள். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது திறந்து பார்க்கிறேன். வாக்கு இல்லை, பார்க்கிறேன்.

மன்னைமகன் | அக்டோபர் 7

அண்ணா, கேட்கவே நெகிழ்ச்சியாக இருக்கிறது. நான் இதற்கிடையில் இணையத்திலும் தேடுகிறேன்.

ஊசிமுனை | அக்டோபர் 8

தேடும்போது பாட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். லேபிளில் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். "வாராயென்" என்பதை ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுதலாம், விற்பவர் ஒன்பதாவது விதமாக எழுதியிருப்பார். படத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பாடகியின் பெயரைப் போடுங்கள். ஒருமுறை தட்டின் எண் தெரிந்துவிட்டால் அப்புறம் எண்ணை வைத்தே தேடலாம். 78இல் எச்எம்வி கம்பெனித் தட்டு என்றால் எண் பெரும்பாலும் N என்ற ஆங்கில எழுத்தோடு வரும், கொலம்பியா கம்பெனி என்றால் GE. 45க்கும் எல்பிக்கும் வேறு எழுத்துகள். டிஸ்காக்ஸ் தளத்தில் தமிழ் 78 குறைவாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் ஏறியவற்றில் எண் சரியாக இருக்கும்.

"மின்ட்", அதாவது புத்தம் புதுசு போல, என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் கேளுங்கள். பள்ளம் கறுப்பாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தால் தேய்ந்துவிட்டது, எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. மேலோட்டமான கீறலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், டிக் டிக் என்று கேட்கும், அவ்வளவுதான்.

ஈப்போவாசி | அக்டோபர் 9

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நல்ல தமிழ்த் தட்டுகள் இங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்று நான் சண்டை போடத் தயார். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் ரேடியோகிராம் வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக் கேட்டார்கள். குழாய் கட்டி ஊருக்குப் போடவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தை உண்டு, அங்கே தமிழ் இபிகள் அடிக்கடி வரும். சிங்கப்பூரில் சுங்கை ரோடு சந்தை நல்ல இடமாக இருந்தது, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

ஆனால் 78 இங்கேயும் குறைவு. இபி கிடைத்தால் எடுத்து வைக்கட்டுமா?

மன்னைமகன் | அக்டோபர் 9

நன்றி சகோதரரே. அப்பா சொன்னது உடைகிற தட்டு. முதலில் அதையே தேடிப்பார்க்கிறேன்.

ஊசிமுனை | அக்டோபர் 9

எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிடிவாதம் நல்லதுதான், கையில் ஒன்று இருந்துகொண்டு பிடிவாதம் பிடிப்பது இன்னும் நல்லது.

வடமராட்சி | அக்டோபர் 11

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. பழைய தமிழ் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசினால் எங்கள் வானொலியை விட்டுவிட்டுப் பேச ஏலாது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகத்தில் இந்தியாவிலேயே கிடைக்காத தமிழ், இந்தி றெக்கோட்டுகள் இருந்தன என்பது பரவலாகத் தெரிந்த விசயம். தமிழகத்தின் தென்கரை முழுக்கக் கேட்டது அந்தத் தட்டுகளைத்தான்.

என் அப்பாவும் லவுட்ஸ்பீக்கர் வைத்திருந்தவர். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாத்துக்கும் போவார். 1995 இடப்பெயர்வில் நாங்கள் வேறிடத்தில் உறவினர் வீட்டில் மாட்டிக்கொண்டோம், வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஆம்ப்ளிபயரும் இல்லை, பெட்டியும் இல்லை. தட்டுகள் மட்டும் முற்றத்தில் கிடந்தன, மழையில். உறை எல்லாம் ஊறி லேபிள் கழன்றிருந்தது. அப்பா அவற்றை என்ன பாட்டு என்று தெரியாமலே கட்டி வைத்திருந்தார். லேபிள் இல்லாத தட்டில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தால்தானே தெரியும், போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. அப்பா போய்ப் பத்து வருடத்துக்குப் பிறகு நான் ஒரு பெட்டி வாங்கினேன். பதினேழு தட்டில் ஆறு பாடின.

உங்கள் பாட்டு அதில் இருந்தது. பாதிக்கு மேல் போகாது. தரக்கூடிய நிலை இல்லை, சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூர்மார்க்கெட் | அக்டோபர் 11

பதினேழில் ஆறு. நல்ல கணக்குத்தான் ஐயா. கவனமாக வைத்திருங்கள்.

மன்னைமகன் | அக்டோபர் 22

ஒரு கெட்ட செய்தி. இணையத்தில் ஒருவரிடம் தட்டு கிடைத்தது. படமும் சாய்த்துப் பிடித்துத்தான் அனுப்பினார், பள்ளம் கறுப்பாக இருந்தது. 1,800 ரூபாய், கூரியர் தனி. இன்று வந்தது. ஒரு துணிக்கடைப் பையில் செய்தித்தாள் சுற்றி, மேலே பிளாஸ்டிக் டேப். திறப்பதற்கு முன்பே கலகலவென்று சத்தம் கேட்டது. நாலு துண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "அனுப்பும்போது நன்றாக இருந்தது" என்கிறார். கூரியர் ஆள் "உடையும் பொருள் என்று எழுதவில்லையே" என்கிறார்.

லேபிள் மட்டும் முழுசாக இருக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊசிமுனை | அக்டோபர் 22

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்காவது 1,800 ரூபாய் கொடுத்ததாக இருக்கட்டும்.

78ஐ அனுப்பத் தெரியாதவரிடம் வாங்கக்கூடாது. தட்டைவிட ஒரு அங்குலம் பெரிய அட்டை இரண்டு, நடுவில் தட்டு, நாலு பக்கமும் டேப். தட்டின் விளிம்பு அட்டைக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. அதை ஒரு பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் தெர்மாகோல் வைத்து மிதக்கிற மாதிரி நிறுத்த வேண்டும். விற்பவர் முனகினால் "அட்டைக்கு நான் காசு தருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படியும் முனகினால் விட்டுவிடுங்கள்.

கீறல் | அக்டோபர் 23

அந்த நாலு துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஒரு ஓட்டலில் சுவர் முழுக்க எல்பியை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். நடு ஓட்டையில் அடிக்கவில்லை, பாட்டு இருக்கிற இடத்தில் அடித்திருக்கிறார்கள். காபி குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

தட்டுவண்டி | அக்டோபர் 23

அது நாங்கள் செய்த அலங்காரம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூர்மார்க்கெட் | அக்டோபர் 24

விலை பற்றி ஒரு வார்த்தை. 1,800 அதிகம். தேவை தெரிந்துவிட்டால் விலை ஏறும், "அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம்" என்று விற்பவரிடம் சொல்லியிருப்பீர்கள். இனிமேல் சொல்லாதீர்கள். 80களில் வந்த எக்கோ கம்பெனி எல்பிகளுக்கு இப்போது கேட்கிற காசைக் கேட்டால் எனக்கு மயக்கம் வருகிறது. அதற்காவது காரணம் இருக்கிறது, காசெட் வந்து எல்லாரும் அதற்குத் தாவியதால் அந்தக் கடைசிக் கால எல்பிகள் கொஞ்சமாகத்தான் அச்சாயின. பாசமலர் அப்படியில்லை.

உலகத்திலேயே நம் நாட்டு 78க்கு வெளிநாட்டுக்காரர் பைத்தியமாக அலைவது எதற்குத் தெரியுமா? பீட்டில்ஸ். மேற்கத்திய நாடுகள் 78ஐ நிறுத்திவிட்ட பிறகும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் இங்கே ஊருக்குள் சாவி கொடுக்கிற பெட்டிதான் அதிகம். அதனால் 60களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டும் அரக்குத் தட்டில் வந்தது. இன்று அவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. மூர் மார்க்கெட்டில் என் காலடியில் எத்தனை கிடந்தனவோ, நான் தமிழ்த் தட்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வருத்தமில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

செட்டுக்கடைப்பேரன் | நவம்பர் 3

பரண் ஏறினேன். முதுகு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

ஒரு பெட்டி முழுக்கக் காசெட். இன்னொன்றில் இபிகள், அடியில் சாக்கு விரித்து 78கள், படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக. படுக்கவைக்கக் கூடாது என்று இப்போது தெரியும், தாத்தாவுக்கு யார் சொன்னது. எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பதினொன்று. எல்லா லேபிளிலும் பச்சை எனாமல் பெயிண்டில் தாத்தாவின் முதலெழுத்தும் ஒரு எண்ணும் எழுதியிருக்கிறது. இரண்டு செட் சேர்ந்து ஒரு திருவிழாவுக்குப் போனால் தட்டு மாறிவிடும், அதற்காக.

உங்கள் தட்டு மூன்று இருக்கிறது. 14, 52, 97.

14 வெள்ளையாகத் தேய்ந்துவிட்டது. 52 விளிம்பிலிருந்து நடு வரை மயிரிழை விரிசல். 97 வெளி விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது, பாட்டு தொடங்கும் முன் இருக்கும் இடத்தில்தான். விரலில் மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டினேன். 52 சொத்தென்றது. 97 டிங்கென்றது.

அப்பாவிடம் கேட்டேன். 97 கடைசியாக வாங்கியதாம். அதற்குள் இபி வந்துவிட்டதால் 78 பெட்டியை எடுத்துப்போவது குறைந்துவிட்டது. அதனால்தான் பிழைத்தது.

மன்னைமகன் | நவம்பர் 3

அண்ணா!! கூரியர் வேண்டாம். நான் பஸ் ஏறி வருகிறேன்.

ஊசிமுனை | நவம்பர் 3

மடியில் வைத்து எடுத்து வாருங்கள். ஜன்னலோர சீட் வேண்டாம், வெயில் படும்.

மன்னைமகன் | நவம்பர் 10

போய் வந்துவிட்டேன். காசு வாங்கமாட்டேன் என்று அவர் அப்பா ஒரே பிடிவாதம். கடைசியில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தபிறகு 501 ரூபாய் வாங்கிக்கொண்டார். தட்டைத் தட்டில் வாங்கியிருக்கிறேன்.

வீட்டில் விரித்துப் பார்த்தால் அங்கங்கே பூஞ்சை, எண்ணெய்ப் பிசுக்கு. எப்படிச் சுத்தம் செய்வது?

கீறல் | நவம்பர் 10

மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், பளிச்சென்று ஆகிவிடும். என் எல்பிகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஊசிமுனை | நவம்பர் 10

ஐயோ, வேண்டவே வேண்டாம்! மன்னைமகன், ஸ்பிரிட்டைக் கீழே வையுங்கள்!

கீறல், உங்கள் எல்பி வினைல், அதற்கு அளவாக ஆல்கஹால் தாங்கும். 78இல் இருப்பது அரக்கு. தச்சர் மேசைக்குப் பாலிஷ் போடும்போது அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. அதைத் தட்டில் தேய்த்தால் பாட்டும் சேர்ந்து கரையும்.

டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊற்றுவது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மென்மையான பெயிண்ட் பிரஷ். பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிளில் தண்ணீர் படக் கூடாது, பச்சைப் பெயிண்ட் போனால் அந்தப் பேரன் நம்மை மன்னிக்கமாட்டார். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள்.

கீறல் | நவம்பர் 10

தெரியாமல் சொல்லிவிட்டேன். முன்பு ஒரு 78 பிசுபிசுவென்று ஆனதற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

நெறியாளர் | நவம்பர் 11

ஸ்பிரிட் பற்றிய எச்சரிக்கையை "புதியவர்களுக்கு" பகுதியின் மேலே ஒட்டியிருக்கிறேன். கீறலின் பதிவை நீக்கவில்லை, பாடமாக இருக்கட்டும்.

மன்னைமகன் | டிசம்பர் 2

அடுத்த சிக்கல். எதில் போடுவது? நண்பர் ஒருவரிடம் பெட்டி மாதிரி மூடுகிற பிளேயர் இருக்கிறது, 78 என்று பட்டனும் இருக்கிறது. இன்னொருவர் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் தருகிறேன் என்கிறார், பார்க்க அழகாக இருக்கும்.

தட்டுவண்டி | டிசம்பர் 2

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது என் வேலை.

பித்தளைக் குழாய் வேண்டாம். இப்போது கடைகளில் இருப்பதில் முக்கால்வாசி அலங்காரத்துக்கு ஒட்டுப்போட்டுச் செய்தது. அசலாகவே இருந்தாலும் தலைப்பகுதி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், 97 மண்டபத்திலேயே 14 ஆகிவிடும். பெட்டி பிளேயர் சுற்றும், ஆனால் அதன் ஊசி எல்பிக்கானது. 78இன் பள்ளம் அகலம். எல்பி ஊசி அதன் அடியில் கிடக்கும் அழுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு கொரகொர என்று இழுக்கும். 78க்கு மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும்.

என்னிடம் 33, 45, 78 என்று மூன்று வேகமும் உள்ள டர்ன்டேபிள் இருக்கிறது. 78 ஊசி நான் வாங்குகிறேன், எனக்கும் தொழிலுக்கு ஆகும். மோனோவில் போடப்போகிறோம். இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மேலும் கீழும் ஆடுகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். மேசையை ஸ்பீக்கருக்குப் பின்னால், தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்குப் போய் "ஊ" என்று ஊளையிடும். மரப் பலகை மேடை வேண்டவே வேண்டாம், குழந்தைகள் குதித்தால் ஊசியும் குதிக்கும். தரையில் நேராகக் கருங்கல் பலகை, அதன்மேல் மேசை.

அப்புறம் ஊசிமுனை சார் கோபிக்கக்கூடாது, போனில் பாட்டு தயாராக இருக்கும். சிக்கினால் மட்டும்.

ஊசிமுனை | டிசம்பர் 2

கோபமில்லை. அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். கருங்கல் யோசனை அருமை.

ஈப்போவாசி | டிசம்பர் 5

அம்கார்ப் மாலில் அந்தப் பாட்டு உள்ள இபி ஒன்று கிடைத்துவிட்டது. உறை கிழிந்திருக்கிறது, தட்டு சுத்தம். பொங்கலுக்கு என் அக்கா சென்னை வருகிறார், கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனைவிட இது மேல் அல்லவா?

மன்னைமகன் | டிசம்பர் 5

நீங்கள் யாருமே என்னை நேரில் பார்த்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொரு சந்தேகம். மண்டபத்துக்காரர் பாட்டுப் போட உரிமம் கேட்கிறார். பழைய ரெக்கார்டுக்கும் வேண்டுமா?

ஊசிமுனை | டிசம்பர் 6

நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 வருடம். 1961இன் பதிவு 2021 கடைசியோடு முடிந்தது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு கணக்கு, அது அவர்கள் காலத்துக்குப் பிறகு 60 வருடம் ஓடும். ஆனால் சமயச் சடங்குக்கும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. பிரதி எடுத்து மேலாளரிடம் கொடுங்கள். காகிதத்தைப் பார்த்தால் அமைதியாகிவிடுவார்கள்.

செட்டுக்கடைப்பேரன் | ஜனவரி 30

தை பாதி முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று? அப்பா தினமும் கேட்கிறார்.

மன்னைமகன் | பிப்ரவரி 1

மன்னிக்கவும், வீடு முழுக்க உறவுக்காரர்கள், இன்றுதான் உட்கார முடிந்தது.

பாடியது. முழுசாக. முதல் பத்து வினாடி சரசரவென்று மழை பெய்கிற மாதிரி சத்தம், தட்டுவண்டி அண்ணாவின் கை போனின் மேல் இருந்தது. அப்புறம் ஈஸ்வரியின் குரல் வந்தது பாருங்கள், பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். போனில் கேட்கும்போது அந்தக் குரல் எங்கோ தூரத்தில் இருக்கும். இது பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பெரியவர்கள் பாதிப் பேர் கூடவே பாடினார்கள். இபியை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. சாப்பாடு முடிந்தபிறகு அதையும் இரண்டு தடவை போட்டோம்.

அப்பா அழுதுவிட்டார். லேபிளில் இருந்த பச்சைப் பெயிண்ட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரிதான் எழுதியிருப்பான்" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் போனபிறகு கேட்டேன், ஏன் சிரித்தீர்கள் என்று. "எங்க கல்யாணத்தன்னிக்கு செட்டு ஓடவே இல்லையேடா. ராத்திரியே பேட்டரி இறங்கிப் போச்சு. முகூர்த்தத்துக்கு நாயனம் மட்டும்தான். இந்தப் பாட்டு போட்டது உங்க சித்தப்பா கல்யாணத்துல, ரெண்டு வருஷம் கழிச்சு. உங்கப்பா அன்னிக்குப் பூராவும் செட்டுக்காரன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு" என்றார்.

அப்பாவிடம் சொல்லட்டுமா என்றேன். "எதுக்கு? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

கீறல் | பிப்ரவரி 1

அக்டோபர் 4ஆம் தேதி நான் எழுதியதை யாராவது ஒருமுறை படித்துப் பாருங்கள்.

செட்டுக்கடைப்பேரன் | பிப்ரவரி 1

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பேட்டரி இறங்கியது எந்தச் செட்டுக்காரன் என்று கேட்கிறார். எங்கள் தாத்தா மன்னார்குடிப் பக்கமும் போவாராம். விசாரிக்காமல் விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

மன்னைமகன் | பிப்ரவரி 2

விசாரிக்கவில்லை, வாக்குக் கொடுக்கிறேன்.

தட்டைத் திருப்பித் தருகிறேன் என்றால் உங்கள் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அதனால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 97 எங்கள் வீட்டில் இருக்கும், நிற்கவைத்து, புது உறையில். இங்கே யார் வீட்டிலாவது கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ வந்தால் கேளுங்கள், தருகிறேன். ஊசி தட்டுவண்டி அண்ணாவிடம் இருக்கிறது. ஆனால் கூரியரில் அனுப்பமாட்டேன். வந்து மடியில் வைத்து எடுத்துப்போக வேண்டும்.